அறுவடை இயந்திரமும் அதைச் செய்தவர் கூலியும்

மே நாளைக் கொண்டாடும் நாம், அந்நாளின் பின்புலத்தில் ஒரு வேளாண் கருவித் தொழிற்சாலை நிற்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. எட்டு மணி நேர வேலை என்னும் முழக்கம் நம் நினைவில் தங்கிவிட்டது. அதனோடு பின்னிக் கிடந்த கூலிக் கணக்கு நழுவிவிட்டது.

சைரஸ் மெக்கார்மிக் 1834இல் காப்புரிமை பெற்ற கதிரறுக்கும் இயந்திரம் வயலில் ஆள்தேவையைக் குறைத்தது. அவ்வியந்திரத்தைச் செய்த சிகாகோ ஆலையிலோ தேர்ந்த கைகள் இன்றியமையாதவையாக இருந்தன. குறிப்பாக, உருக்கிய இரும்பை வார்க்க மணல் அச்சுகள் அமைத்த வார்ப்படத் தொழிலாளர் வேலையை நிறுத்தினால் ஆலையே நின்றுவிடும். கூலிக் குறைப்பை எதிர்த்து 1885இல் அவர்கள் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் வென்றது.

அதற்கு நிர்வாகம் கண்ட மாற்று, காற்றழுத்தத்தால் இயங்கும் அச்சு இயந்திரங்கள். இந்நிறுவனத்தின் வரலாற்றை ஆராய்ந்த ராபர்ட் ஓசான் தரும் செய்தி வியப்புக்குரியது. புதிய இயந்திரங்கள் தந்த வார்ப்புகள் தரத்தில் தாழ்ந்தவை, செலவிலோ உயர்ந்தவை. மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் அவை கைவிடப்பட்டன. ஆனால் அதற்குள் வார்ப்படத் தொழிலாளரின் சங்கம் சிதைந்திருந்தது. சிக்கனம் கருதியே இயந்திரம் வருகிறது என்ற பொது நம்பிக்கையை இந்நிகழ்ச்சி அசைத்துவிடுகிறது.

1886 பிப்ரவரியில் ஆலையில் கதவடைப்பு. மே 3 அன்று ஆலை வாயிலருகே காவலர் சுட்டதில் தொழிலாளர் மாண்டனர். அதைக் கண்டித்து மறுநாள் ஹேமார்க்கெட் திடலில் கூடிய கூட்டத்தில் குண்டு வெடித்தது. 1887 நவம்பர் 11இல் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். 1889இல் பாரிசில் கூடிய சோசலிச மாநாடு மே முதல் நாளை உலகத் தொழிலாளர் நாளாக்கியது. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் ஏற்றிய செங்கொடிக்கும் அந்த ஆலை வாயிலுக்கும் இடையிலான தொடர்பு இதுவே.

மெக்கார்மிக் ஆலை 1902இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்துக்குள் அடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வலுப்பெற்ற சங்கங்கள், விலைவாசிக்கேற்ப உயரும் படியையும் ஓய்வூதியத்தையும் பெற்றுத் தந்தன. 1980களின் வேளாண் நெருக்கடி அந்த ஏற்றத்தை முறித்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன் வேளாண் கருவிப் பிரிவையே 1985இல் விற்றுவிட்டது.

அதன் பின்னர் வந்தது அடுக்கு ஊதியம். ஜான் டியர் நிறுவனத்தில் 1997 ஒப்பந்தத்தின்படி, அதற்குப்பின் சேர்ந்தோருக்கு ஓய்வூதியம் முதலியன குறைந்தன. ஒரே பட்டறை, ஒரே வேலை, இருவேறு விலை. பழைய நிர்வாகம் சங்கத்தை உடைக்க இயந்திரத்தை நாடியது. இங்கே சேர்ந்த ஆண்டே தொழிலாளரைப் பிரிக்கப் போதுமானதாயிற்று.

2021இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நிறுவனத்தில் வேலையை நிறுத்தினர். நிறுவனம் வரலாறு காணாத லாபம் ஈட்டிய ஆண்டு அது. முதலில் முன்வைக்கப்பட்ட ஒப்பந்தம், இனிச் சேர்வோருக்கு ஓய்வூதியமே இல்லை என்றது. வாக்களித்தோரில் 90 விழுக்காட்டினர் அதை மறுத்தனர். ஐந்து வாரப் போராட்டத்தின் முடிவில் உடனடியாகப் பத்து விழுக்காட்டு ஊதிய உயர்வு கிடைத்தது. விலைவாசிப் படி மீண்டது. புதியவரின் ஓய்வூதியமும் காக்கப்பட்டது.

1997இன் பிரிவு அதனால் மறைந்துவிடவில்லை. எனினும் அந்த 90 விழுக்காட்டை நாம் கவனிக்க வேண்டும். இன்னும் வேலைக்கே வராத, முகம் அறியாத ஒருவரின் முதுமைக்காகவும் அவர்கள் தம் வாரக் கூலியை இழந்தார்கள். கூலியின் வரலாற்றை வெறும் எண்களின் வரலாறாக எழுத முடியாமல் போவது இத்தகைய இடங்களில்தான்.