பேக்கப் கோப்புக்குப் பூட்டு வந்த கதை

எஃப்டிபி என்ற பெயரை அன்றாடம் சொல்லும் எங்கள் தொழில்காரர்களில் பலருக்கு அபய் பூஷண் யாரென்று தெரியாது. அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து, அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். ஒரு கணினியில் இருக்கும் கோப்பை இன்னொன்றுக்கு எடுத்துச்செல்லும் முறையை 1971 ஏப்ரலில் எழுதிவைத்தார். அதுதான் எஃப்டிபி. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த ஆராய்ச்சிக்கூடங்கள் ஒன்றையொன்று நம்பிய காலம் அது. பாஸ்வேர்டுகூட மறைவில்லாமல் அப்படியே கம்பியில் போகும்.

கோயம்புத்தூரில் மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சிறுபத்திரிகைக்கும் இணையதளம் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். "பேக்கப் எடுத்தாச்சுங்கண்ணா, டவுன்லோடு மட்டும் ஆக மாட்டேங்குதுங்க" என்று வரும் போனுக்கு ஓய்வே கிடையாது. அதற்குப் பதில் சொல்ல அந்த 1971இலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

எஃப்டிபியில் ஆஸ்கி, பைனரி என்று இரண்டு வழிகள் உண்டு. ஆஸ்கியில் அனுப்பினால், போய்ச்சேரும் கணினிக்கு ஏற்றபடி வரிமுடிவுக் குறிகள் மாறும். கடிதத்துக்கு அது நல்லது. ஜிப் கோப்புக்கு எமன். முழுதாக இறங்கியதுபோலத் தெரியும், திறந்தால் உடைந்திருக்கும். அடுத்த தொல்லை லைன் அறுந்துபோவது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட பிறகு, நம் ஊர் பிரௌசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வலி தெரியும். டயல்-அப் அறுந்தால் முதலிலிருந்து இறக்க வேண்டும். 1997இல் வந்த எச்டிடிபி 1.1, கோப்பில் விட்ட இடத்திலிருந்து மிச்சத்தை மட்டும் கேட்டு வாங்க வழி செய்தது. எங்களுக்கு அது பெரிய விடுதலை.

இவையெல்லாம் வழியில் வந்த தடைகள். வேண்டுமென்றே போட்ட பூட்டின் கதை வேறு.

வலைத்தளத்தின் பேக்கப் கோப்பில் என்னென்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மொத்த டேட்டாபேஸ், உறுப்பினர் பட்டியல், அவர்கள் மின்னஞ்சல், டேட்டாபேஸின் பாஸ்வேர்டு எழுதிய கான்ஃபிக் கோப்பு. அதை 'பேக்கப்.ஜிப்' என்ற பெயரில் தளத்தின் ஃபோல்டரிலேயே வைத்துவிட்டால், முகவரியை ஊகித்து அடிக்கும் எவனுக்கும் கிடைக்கும். அப்படி ஊகித்து அடிப்பதற்கென்றே புரோகிராம்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. அதனால்தான் பேக்கப் பிளக்இன் எழுதியவர்கள், அந்த ஃபோல்டருக்குள் ஓர் எச்டிஅக்சஸ் கோப்பைப் போட்டு, யாருக்கும் தராதே என்று அப்பாச்சி சர்வருக்கு உத்தரவு எழுதினார்கள். நேரடியாகச் சொடுக்குகிறவருக்கு வரும் '403' என்ற மறுப்பு அந்த உத்தரவின் குரல்.

2012இல் அப்பாச்சி 2.4 வந்தபோது உத்தரவு எழுதும் முறையே மாறியது. என்ஜின்எக்ஸ் சர்வரோ எச்டிஅக்சஸைப் படிப்பதே இல்லை. ஆக, ஒரு ஹோஸ்டிங்கில் இறுகப் பூட்டியிருக்கும் அதே ஃபோல்டர், இன்னொன்றில் ஊருக்கே திறந்து கிடக்கும். டவுன்லோடு ஆகவில்லை என்று புலம்புகிறவரைவிட, தடையில்லாமல் ஆகிவிடுகிறவரை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

2022 பிப்ரவரியில் இந்தப் பயம் உண்மையானது. முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்களில் இருந்த அப்டிராஃப்ட்பிளஸ் பிளக்இன்னில் ஓர் ஓட்டை தெரியவந்தது. சாதாரண சந்தாதாரராக உள்ளே நுழைந்தவர்கூடத் தளத்தின் பேக்கப்பை இறக்கிக்கொள்ள முடியும் என்ற நிலை. உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டிருக்காமல் வேர்ட்பிரஸ் தரப்பே திருத்திய பதிப்பைத் தளங்களுக்குள் செலுத்தியது. அது சரியான முடிவு.

ஆகவே '403' வந்தால் எச்டிஅக்சஸை அழிக்காதீர்கள். இணையத்தில் அந்த யோசனை தாராளமாகக் கிடைக்கிறது, ஆபத்தான யோசனை. எஸ்எஃப்டிபி வழியாகவோ, ஹோஸ்டிங் பேனலின் ஃபைல் மேனேஜர் வழியாகவோ போனால் பூட்டைத் தொடாமலே கோப்பை எடுத்துவிடலாம். பாதியில் நின்றுபோனால், பிஎச்பி வழக்கமாகத் தரும் 30 நொடி நேர வரம்பும் மெமரி வரம்பும் காரணமா என்று பாருங்கள்; பேக்கப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து எடுக்கும் வசதி பெரும்பாலான பிளக்இன்களில் உண்டு. குரோம் மட்டும் மறுத்தால், தளம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க, டவுன்லோடு லிங்க் பழைய எச்டிடிபியில் இருக்கக்கூடும். 2020இலிருந்து குரோம் இத்தகைய டவுன்லோடுகளைப் படிப்படியாகத் தடுத்தது. தளத்தின் முகவரி அமைப்பில் 'எஸ்' என்ற அந்த ஓர் எழுத்தைச் சேர்த்தாலே பல இடங்களில் சரியாகிவிடும்.

இறக்கிய கோப்பை உடனே பிரித்துப் பார்த்துவிடுங்கள். சர்வரின் பொது ஃபோல்டரில் நீங்களோ, முன்பு வேலை பார்த்தவரோ விட்டுவைத்த பழைய பேக்கப் ஜிப் ஏதாவது இருந்தால், இன்றைக்கே அழித்துவிடுங்கள்.