ராஜ்புத் வகுப்பு நாசகாரிக் கப்பல்கள்

ராஜ்புத் வகுப்பு நாசகாரிக் கப்பல்கள் என்பவை இந்தியக் கடற்படைக்காகச் சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்ட ஐந்து ஏவுகணை தாங்கிய போர்க்கப்பல்கள் ஆகும். சோவியத் கடற்படையின் காசின் வகுப்பு நாசகாரிகளின் வடிவத்தைச் சற்று மாற்றி இவை அமைக்கப்பட்டன. ஐந்தில் இரண்டு பணி ஓய்வு பெற்றுவிட்டன. ஏனைய மூன்றும் 2025 ஆம் ஆண்டிலும் பணியில் இருந்தன.

கப்பல்கள்

இவை இன்றைய உக்ரைனில் உள்ள மிக்கொலாயிவ் (அன்றைய நிக்கொலாயெவ்) நகரின் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டன.

ஐஎன்எஸ் ராஜ்புத் - 1980 இல் சேர்ப்பு, 2021 இல் ஓய்வு
ஐஎன்எஸ் ராணா - 1982
ஐஎன்எஸ் ரஞ்சித் - 1983 இல் சேர்ப்பு, 2019 இல் ஓய்வு
ஐஎன்எஸ் ரன்வீர் - 1986
ஐஎன்எஸ் ரன்விஜய் - 1987

வடிவமைப்பு

ஒவ்வொரு கப்பலும் ஏறத்தாழ 147 மீட்டர் நீளமும், முழுச் சுமையுடன் 5,000 தொன் அளவு இடப்பெயர்ச்சியும் கொண்டது. நான்கு வாயுச் சுழலி இயந்திரங்கள் இரண்டு உந்துதண்டுகளைச் சுழற்றுகின்றன. உச்ச வேகம் மணிக்கு 35 கடல் மைல். காசின் கப்பல்களின் பின்புறத்தில் இருந்த 76 மி.மீ. பீரங்கி நீக்கப்பட்டு, அவ்விடத்தில் உலங்கு வானூர்திக்கான கொட்டகை அமைக்கப்பட்டது. இதனால் நீர்மூழ்கிகளைத் தேடும் திறன் கூடியது.

சேவை

ஐஎன்எஸ் ராஜ்புத், இலங்கையில் இந்திய அமைதி காக்கும் படையின் பவான் நடவடிக்கையிலும், 1988 ஆம் ஆண்டு மாலைதீவில் நடந்த காக்டஸ் நடவடிக்கையிலும் பங்கேற்றது. இதன் முதல் கட்டளை அதிகாரியான குலாப் ஹிரானந்தானி, பின்னர் இந்தியக் கடற்படையின் வரலாற்றை நூல்களாக எழுதினார்.

மேம்பாடு

இக்கப்பல்களின் ஆயுள் நீண்டதற்கு ஆயுத மாற்றங்கள் முக்கிய காரணமாகும். பழைய சோவியத் ஏவுகணைகள் சிலவற்றின் இடத்தில், இந்தியாவும் உருசியாவும் இணைந்து உருவாக்கிய பிரமோஸ் ஏவுகணை பொருத்தப்பட்டது. ராஜ்புத் கப்பல் இதன் சோதனைத் தளமாக விளங்கியது. 2008 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் ரன்வீர் கப்பலிலிருந்து இவ்வேவுகணை செங்குத்தாக ஏவிச் சோதிக்கப்பட்டது. ஒலியை விட வேகமாகச் செல்லும் ஏவுகணையைத் தாங்கியதால், வயது முதிர்ந்த இக்கப்பல்கள் போர் மதிப்பை இழக்கவில்லை.

முதுமையும் விபத்துகளும்

ஆயுதங்களைப் புதுப்பித்தாலும், கப்பலின் உடல், குழாய்கள், மின் இணைப்புகள் ஆகியவற்றின் வயது குறைவதில்லை. 2021 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் ரன்விஜய் கப்பலில் ஏற்பட்ட தீயில் நான்கு மாலுமிகள் காயமடைந்தனர். 2022 சனவரி 18 அன்று மும்பைக் கடற்படைத் தளத்தில் நின்றிருந்த ரன்வீர் கப்பலின் உள்ளறை ஒன்றில் வெடிப்பு நிகழ்ந்தது. இதில் மூன்று மாலுமிகள் உயிரிழந்தனர்; பதினொருவர் காயமடைந்தனர்.

இயந்திரங்களின் பிறப்பிடம் உக்ரைன் என்பதால், 2022 இல் தொடங்கிய உருசிய-உக்ரைன் போர் உதிரிப் பாகங்கள் பற்றிய கவலையையும் கூட்டியது.

தொடரும் பணி

மும்பையில் கட்டப்பட்ட விசாகப்பட்டினம் வகுப்பின் நான்கு புதிய நாசகாரிகள் 2021 முதல் 2025 வரை பணியில் சேர்ந்தன. எனினும் 2025 இல் இந்தியாவிடம் இருந்த 13 நாசகாரிகளுள் மூன்று ராஜ்புத் வகுப்பைச் சேர்ந்தவை. இவற்றை உடனே விலக்கினால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். 2025 ஆகத்தில் ஐஎன்எஸ் ராணா கொழும்புக்குச் சென்று இலங்கைக் கடற்படையுடன் கூட்டுப் பயிற்சியில் ஈடுபட்டது. அப்போது அக்கப்பல் பணியில் சேர்ந்து 43 ஆண்டுகள் ஆகியிருந்தன.