குரோஸும் பண்டலும்: தீப்பெட்டி எண்களின் கணிதம்

சிவகாசித் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்டவர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். 1922-ல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923-ல் ஊரில் உற்பத்தியைத் தொடங்கினார்கள். பெட்டிகளை எண்ண அக்காலத்தில் வழங்கிய அளவு குரோஸ். 12 டஜன், அதாவது 144 பெட்டி. 1934-ல் வந்த உற்பத்தி வரியும் குரோஸ் கணக்கில்தான் விதிக்கப்பட்டது. பெட்டிக்குள் எத்தனை குச்சி என்பதைப் பொறுத்து வரி ஏறியது.

குரோஸின் வசதி, மிச்சமின்றிப் பிரிவது. 2, 3, 4, 6, 8, 9, 12, 16, 18 என எத்தனையோ விதமாகப் பங்கிடலாம். 144 = 2⁴ × 3². அடுக்கு ஒவ்வொன்றுடனும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும்: 5 × 3 = 15. ஆனால் 144-ஐ விடச் சிறிய 120-க்கோ 16 காரணிகள்.

தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும் விட அதிகக் காரணிகள் கொண்டது உயர் பகு எண். டஜன் அந்த வகை, குரோஸ் அல்ல. இவ்வகை எண்களை ஆழமாக ஆராய்ந்தவர் ராமானுஜன். முன்பு சென்னைத் துறைமுகக் கணக்கராக இருந்த அவர் கேம்பிரிட்ஜ் சென்ற மறு ஆண்டே, 1915-ல், லண்டன் கணிதக் கழக இதழில் அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. போர்க்காலப் பண நெருக்கடியால் கழகம் அச்சிடாமல் விட்ட பகுதி 1997-ல்தான் அச்சேறியது. கட்டுரையின் பட்டியலில் 102 எண்கள். கடைசி எண் 6746328388800. அதற்கு 10080 காரணிகள். கையால் போட்ட இவ்வளவு பெரிய கணக்கில் தப்பியது ஒன்றே ஒன்று, 293318625600. அதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்துவிடுகிறது!

உயர் பகு எண்ணில் 2, 3, 5, 7 என்று பகா எண் பெரிதாக ஆக, அதன் அடுக்கு ஒருபோதும் கூடாது என்பது ராமானுஜன் காட்டிய முக்கியமான பண்பு. இன்றைய தீப்பெட்டிக் கணக்கை இதைக்கொண்டு சோதிக்கலாம். விருதுநகர் மாவட்டத்தில் இப்போது விலை பேசப்படுவது 600 பெட்டி அடங்கிய பண்டலுக்கு. 14 ஆண்டுகளாக 1 ரூபாயாக இருந்த பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாயானது. 36 ஆக இருந்த குச்சி 50 ஆக்கப்பட்டது.

முன்பு பண்டலுக்கு 21600 குச்சி: 2⁵ × 3³ × 5². காரணிகள் 72. இப்போது 30000 குச்சி: 2⁴ × 3 × 5⁴. காரணிகள் 50. குச்சி 8400 கூடியும் பங்கிடும் வழிகள் 22 குறைந்துவிட்டன. 3-க்கு அடுக்கு 1, 5-க்கு அடுக்கு 4 என்று வரிசை தலைகீழானதால் 30000 உயர் பகு எண்ணாக இருக்கவே முடியாது. 21600-ல் அடுக்குகள் ஒழுங்காக இறங்குகின்றன. ஆனாலும் 84 காரணிகளுள்ள 20160 அதற்குக் கீழே இருப்பதால் அதுவும் அந்த வகையில் சேராது. 30000-க்குக் கீழே, அதற்கு மிக அருகில் உள்ள உயர் பகு எண் 27720. 7-ஐயும் 11-ஐயும் சேர்த்துக்கொண்டு, 2³ × 3² × 5 × 7 × 11 என 96 காரணிகள் கொண்டது.