கூடையில் தேடியது வலையில் கிடைத்தது

“நம்ம ஆளுங்கள்ல சம்பளத்துக்கு பாஸ்கட்போல் விளையாடின பொண்ணு யாரு சேர்?”

உடப்புசல்லாவையில் என்னிடம் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள். விடையோடு வருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். வாத்தியார்களுக்கு இந்த வியாதி உண்டு.

கொழும்பில், தேசிய சுவடிகள் காப்பகத்தில், பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டினேன். ‘கூடைப்பந்து’ என்று தேடிய இடமெல்லாம் ஆண்கள்தான். மூன்றாவது பயணத்தில்தான் 1960 கண்ணில் பட்டது. அந்த வருடம் இலங்கையில் கூடிய நாடுகள் அமைத்த சர்வதேச சம்மேளனத்தின் பெயரிலேயே மகளிர் கூடைப்பந்து, வலைப்பந்து இரண்டும் இருந்தன. ஒரே விளையாட்டுக்கு ஏன் இரண்டு பெயர்? அவுஸ்திரேலியாவில் 1970 வரை வலைப்பந்தை, அதாவது நெட்போலை, மகளிர் கூடைப்பந்து என்றே அழைத்திருக்கிறார்கள். 1891இல் நைஸ்மித் என்பவர் உருவாக்கிய கூடைப்பந்து இங்கிலாந்துப் பெண்கள் கல்லூரிகளில் உருமாறிப் பிறந்ததுதான் நெட்போல். நான் தேடிய பெண் வேறு பெயரின் கீழ் இருந்தாள்.

நெட்போல் எங்கள் மலைக்கும் தோதானது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை, அதனால் சிமெந்துத் தளமும் வேண்டாம். கம்பமும் வளையமும் போதும், பலகைகூடத் தேவையில்லை. சமதரைதான் கஷ்டம்.

அப்புறம் தேடல் வேகமாக ஓடியது. 1963இல் ஈஸ்ட்போனில் நடந்த முதல் உலகப் போட்டியில் ஆடிய 11 அணிகளில் இலங்கையும் ஒன்று. அங்கிருந்து நூல் பிடித்துப் போனால் யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கம். உயரம் 208 சென்ரிமீற்றர். இங்கே விளையாட்டுக்காரருக்குச் சோறு போடுவது பெரும்பாலும் வங்கியும் படையும்தான். அவரும் செலான் வங்கிக்கு ஆடியவர். பிறகு மெல்பேர்னில் சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் கழகத்துக்கு ஆடப் போனார். 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர் இருந்தார். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள். அந்தத் தொடரில் வேறு யாரும் அத்தனை போடவில்லை. ஆனால் அணியைப் பற்றிய செய்திகளில் கோலைவிட உயரத்துக்கே இடம் அதிகம். அது எனக்கு எரிச்சல்.

திரும்பி வந்து மாணவியிடம் சொன்னேன். அவளும் முதலில் உயரத்தைத்தான் கேட்டாள். வகுப்புச் சுவரில் 208இல் ஒரு கோடு போட்டோம். வளையம் இருப்பது 305இல். அதற்கும் ஒரு கோடு போடக் கதிரை எடுத்துவர ஓடினாள்.