இழையம்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'திசு', இலங்கையில் 'இழையம்'. இரண்டின் வேரும் நெசவுதான். முன்னது, நெய்த துணியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. பின்னது நம் 'இழை'யில் பிறந்தது. பின்னதே அழகு, துல்லியமும்கூட. நெகேமையா குரூ 1682இல் வெளியிட்ட தாவர உள்ளமைப்பு நூலும் செடியின் உட்புறத்தைப் பின்னல் வேலையோடுதான் ஒப்பிட்டது.

தாவர வேதியியலின் வழக்கமான முறையோ இந்தப் பின்னலைக் குலைக்கிறது: இலையை அரைத்துக் கரைப்பானில் இடுவது. பொருள் கிடைக்கும், அது எந்த இழையத்தில் இருந்தது என்பது அழிந்துவிடும்.

வேதிப் படிமவியல் அரைப்பதில்லை. மெல்லிய சீவலில் புள்ளி புள்ளியாக, சிதறும் ஒளியைக் கொண்டு மூலக்கூறுகளை அடையாளம் காட்டும் இராமன் நிறமாலை எடுக்கிறது. அலையெண் 1600 செ.மீ.⁻¹ அருகே முகடு எழுந்தால் லிக்னின். 1095 அருகே என்றால் செல்லுலோஸ். குவியும் ஆயிரக்கணக்கான நிறமாலைகளை முதன்மைக் கூறு பகுப்பாய்வு வகைபிரித்ததும், எந்தச் செல்சுவரில் எது என்ற வரைபடம் கிடைக்கிறது.