குதிரையின் கணுக்கால் யாருடையது?

முன்னங்கால் நொண்டும் குதிரையைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. காலைப் பார்க்காதே, தலையைப் பார் என்பார்கள். வலிக்கிற கால் தரையில் படும்போது குதிரை தலையைச் சற்றே தூக்கிக்கொள்ளும். நல்ல காலை ஊன்றும்போது தலை தாழும். வலிக்கிற காலிலிருந்து பாரத்தை நகர்த்துகிற உபாயம் அது. குதிரை பாட்டுக்குத் தன் வலியைச் சமாளித்துக்கொண்டு நடக்கிறது. அந்தச் சமாளிப்பை நாம் 'நொண்டி' என்று வாசிக்கிறோம். மூட்டுத் தேய்மானத்தின், அதாவது ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸின் வரலாற்றைக் குதிரையை வைத்து எழுத உட்கார்ந்தபோது என்னை முதலில் நிறுத்தியது இந்த வாசிப்புதான். வாசிப்பவர் யார்? பெரும்பாலும் குதிரையின் சொந்தக்காரர். அல்லது அதை வாங்க வந்தவர்.

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு 1761இல் பிரெஞ்சு அரசு அனுமதி கொடுத்தது. லியோன் நகரில் அதைத் தொடங்கியவர் குளோட் பூர்ஜெலா. அவர் அங்கே குதிரையேற்றப் பள்ளி ஒன்றின் தலைவராக இருந்தவர். மாட்டுக் கொள்ளைநோயை ஒழிப்பது அரசு சொன்ன காரணம். பாடத்தின் நடுவில் வந்து நின்றதோ குதிரை. பூர்ஜெலா குதிரையின் உடலை அளவுகளாகப் பிரித்தார், விகிதங்களாக எழுதினார். லண்டனில் 1791இல் இதே மாதிரிப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் பேராசிரியரான சேன்பெல், எக்லிப்ஸ் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரை 1789இல் செத்ததும் அதை அறுத்து அளந்து பெயர் வாங்கியவர். பதினெட்டாம் நூற்றாண்டில் படைவீரனின் உடல் எப்படிப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுப் பயிற்றுவிக்கப்பட்டது என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். அந்த வீரனுக்குக் கீழே இருந்த குதிரையை நாம்தான் கூடவே சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

சட்டமும் இதே பாதையில்தான் வந்தது. கால்நடை விற்பனை வழக்கொன்றில் 1842இல் ஓர் ஆங்கிலேய நீதிமன்றம் ஒரு விதியைத் தெளிவாக்கியது: விற்கும் நேரத்தில் பிராணியின் இயல்பான பயன்பாட்டைக் குறைக்கிற நோய் இருந்தால் அது 'பழுதற்றது' ஆகாது. வலி என்ற சொல்லுக்கு இதில் வேலையே இல்லை. வலி இருந்தும் வண்டி இழுத்தால் பழுது இல்லை. வலியால் வேகம் குறைந்தால்தான் பழுது.

இந்த இடத்தில் அன்னா ஸ்யூவெல்லை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பதினான்கு வயதில் விழுந்து கணுக்கால்களைக் கெடுத்துக்கொண்டவர். அப்புறம் வாழ்நாள் முழுக்க அவருக்குக் குதிரை வண்டிதான் கால். அவர் 1877இல் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி'யில் குதிரையே தன்மையில் பேசுகிறது. குடித்துவிட்டு ஓட்டுகிறவன் லாடம் கழன்றதையும் கவனிக்காமல் விரட்ட, குதிரை விழுந்து முழங்காலில் தழும்பு வாங்குகிறது. காயம் ஆறிவிடுகிறது, தழும்பு நின்றுவிடுகிறது. அதனாலேயே அது விலை குறைந்து, பணக்கார வீட்டு லாயத்திலிருந்து வாடகை வண்டிக்கு இறங்குகிறது. விளிம்பில் இருப்பவர் பேச முடியுமா என்ற ஸ்பிவாக்கின் கேள்வியை இந்தப் பிரதியிடம் கேட்கலாம். குதிரை பேசவில்லைதான், பேசியது நடக்க முடியாத ஒரு பெண். ஆனாலும் பழுது என்பது விலைப்பட்டியலின் சொல் என்பதை அந்தக் காலத்துக் கால்நடை நூல்களைவிட அவர் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார் என்பது என் எண்ணம்.

வைத்தியம் என்று என்ன செய்தார்கள்? சூடு போட்டார்கள். நம் ஊரில் மாட்டுக்குச் சூடு போட்டதைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஐரோப்பாவில் அதைப் படித்த மருத்துவர்களே செய்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மூட்டின் மேலும் தசைநாண் மேலும் கோடு கோடாக இழுப்பார்கள். புதுப்புண் பழைய புண்ணை ஆற்றும் என்பது சித்தாந்தம். சூடு போட்ட குதிரையை மாதக்கணக்கில் வேலைக்கு விட முடியாது. குணம் என்று ஏதாவது கிடைத்திருந்தால் அது இந்த ஓய்வினால் கிடைத்ததாகத்தான் இருக்க வேண்டும். சும்மா ஓய்வு கொடு என்றால் சொந்தக்காரர் கேட்கமாட்டார், சுட்டால் கேட்பார்! தசைநாண் காயத்துக்குச் சூட்டினால் பயனில்லை என்று பிரிட்டனில் 1983இல் ஆய்வு வந்தது. அந்நாட்டுக் கால்நடை மருத்துவர் மன்றம் அதை ஏற்க முடியாத செயல் என்று அறிவித்தது 1991இல்தான்.

இரும்பின் இடத்துக்கு மாத்திரை வந்தது. குருத்தெலும்பில் நரம்பு கிடையாது, ரத்தக்குழாய் கிடையாது. எனவே தேய்வது முதலில் சத்தமில்லாமல் நடக்கும். மூட்டுச் சவ்வும் அடியிலுள்ள எலும்பும் பாதிக்கப்படும்போதுதான் வலி தெரியும். தேய்ந்தது திரும்ப முளைக்காது. ஆக வைத்தியம் என்பது வலியைக் குறைப்பதாகவும் பாரத்தைக் குறைப்பதாகவுமே இருக்க முடியும். பாரத்தைக் குறைத்தால் வருமானம் குறையும், வலியை மட்டும் குறைத்தால் குறையாது. ஸ்விட்சர்லாந்தின் கெய்கி கம்பெனி 1949இல் மனிதர்களின் மூட்டு நோய்க்காக இறக்கிய ஃபினைல்பியூட்டசோன் குதிரை லாயத்தில் 'பியூட்' என்று செல்லப்பெயர் வாங்கியது இப்படித்தான். ரத்த வெள்ளணுக்களை அழித்து ஆட்களைக் கொல்கிறது என்பதால் மனிதர்களுக்குக் கொடுப்பது பல நாடுகளில் பிற்பாடு நிறுத்தப்பட்டது. குதிரைக்கு நிற்கவில்லை. வயிற்றிலும் குடலிலும் புண் வரும் என்று தெரிந்தும் இன்றைக்கும் அதுதான் கைமருந்து.

1968 மே 4 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் கென்டக்கி டெர்பி பந்தயம் நடந்தது. ஜெயித்தது டான்சர்ஸ் இமேஜ் என்ற சாம்பல் நிறக் குதிரை. கடைசியில் இருந்து வந்து முந்தியது. சொந்தக்காரர் பாஸ்டனைச் சேர்ந்த பீட்டர் ஃபுல்லர். அதன் கணுக்கால் சரியில்லை என்று தெரிந்து முந்தின வருஷமே அவர் அதை ஏலத்தில் விட்டிருந்தார். மனைவி வற்புறுத்தியதால் 26,000 டாலருக்குத் தானே திருப்பி எடுத்துக்கொண்டார். பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு மருத்துவர் அதற்குப் பியூட் கொடுத்தார். பயிற்சிக் காலத்தில் கொடுக்கலாம். பந்தய நாளில் உடம்பில் இருக்கக் கூடாது என்பது அன்றைய கென்டக்கி விதி. ஆறு நாள் கழித்து எடுத்த மூத்திரத்தில் மருந்து இருப்பதாகச் சோதனைக்கூடம் சொன்னது. பரிசு பறிக்கப்பட்டது. டெர்பியின் வரலாற்றில் அப்படிப் பறிபோனது அதுவே முதல் முறை.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து இதே குதிரை வேறொரு பந்தயத்தில் ஜெயித்தது. அந்தப் பணத்தை ஃபுல்லர் கிங்கின் மனைவி கொரெட்டாவுக்குக் கொடுத்துவிட்டார். லூயிவில்லில் அதற்கு முந்தின வருஷம்தான் கறுப்பின மக்கள் வீட்டுவசதி உரிமைக்காகப் போராடியிருந்தார்கள், டெர்பி நாளும் அந்தப் போராட்டத்தின் நிழலில்தான் நடந்தது. தனக்கு மிரட்டல்கள் வந்தன, கூடுதல் காவல் கேட்டும் கிடைக்கவில்லை, குதிரைக்கு யாரோ வேண்டுமென்றே மருந்து கொடுத்திருக்கலாம் என்று ஃபுல்லர் சொல்லிவந்தார். நிரூபணம் ஆகவில்லை. 1970இல் ஒரு நீதிபதி, சோதனைக்கூடச் சான்று போதாது என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1972இல் மேல்நீதிமன்றம் அதை மாற்றியது. நான்கு வருஷம், ஏராளமான பணம்.

எனக்கு ஃபுல்லரிடம் மரியாதை உண்டு. ஆனால் அந்த வழக்கை நம்மவர்கள் 'ஒரு நல்ல மனுஷனுக்கு நேர்ந்த அநியாயம்' என்பதாக மட்டும் வாசித்தால் அதில் ஒரு ஜீவன் காணாமல்போகும். மூத்திரம் சாட்சியாக நின்றது, மருந்து குற்றவாளியாக நின்றது, பரிசுக் கோப்பை வழக்குச் சொத்தாக நின்றது. மூன்று வயதுக் குட்டியின் கணுக்கால் ஏன் அந்த நிலைமைக்கு வந்தது என்பதை எந்தத் தரப்பும் தீர்ப்புக்கு வைக்கவில்லை. எலும்பு முற்றாத இரண்டு வயதிலேயே ஓடவிடுகிற ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் ஆட்சேபணை இல்லை. அதே மாதத்தில் அடுத்த பெரிய பந்தயத்திலும் அது ஓடியது. பிறகுதான் ஓய்வு. அயர்லாந்து, பிரான்ஸ் என்று இனப்பெருக்கத்துக்காகச் சுற்றி, 1992இல் ஜப்பானில் செத்தது. 2021 டெர்பியில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட்டின் வெற்றியும் மருந்தினால்தான் ரத்தானது. அது பீட்டாமெத்தசோன், குதிரை மூட்டுக்குள் ஊசியாகப் போடப்படுகிற ஸ்டீராய்டு. தோல் களிம்பிலிருந்து வந்தது என்றது பயிற்சியாளர் தரப்பு. தீர்ப்பு 2022இல் வந்தபோது குதிரை உயிரோடு இல்லை.

பந்தயத்தை விட்டுத் தள்ளுவோம். வயசான குதிரையையும் மட்டக்குதிரையையும் வைத்துப் பராமரிக்கிறவர்கள் இந்த நோயோடு தினசரி வாழ்கிறார்கள். லாயத்திலேயே கட்டிப்போட்டால் மூட்டு இறுகும்; மேய்ச்சல் வெளியில் தன் போக்கில் நடக்க விடுவது நல்லது. மட்டக்குதிரை புல்லைத் தின்றே பெருத்துவிடும், பெருத்த உடம்பையும் அதே மூட்டுதான் தாங்க வேண்டும். குளம்பைச் சில வாரங்களுக்கு ஒருமுறை சமமாகச் சீவ வேண்டும்; லாடம் அடிப்பவர் காலை வழக்கம்போல உயரத் தூக்காமல் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். ரொம்ப நேரம் மடக்கி வைத்தால் அது காலைப் பிடுங்கும், 'முரட்டுக் குதிரை' என்று பேர் வாங்கும்.

இந்தப் பேர்களைத்தான் இப்போது திருப்பி வாசிக்கிறார்கள். குதிரையின் முகத்திலேயே வலியைப் படிக்கும் அளவுகோல் 2014இல் வந்தது. ஆள் ஏறி ஓட்டும்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகளை சூ டைசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் குழு 2018இல் பட்டியலிட்டது: காதைப் பின்னால் மடக்குவது, வாலைச் சுழற்றுவது, வாயைத் திறப்பது இப்படி. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பிலோ மூட்டிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றில் பலவும் தலைமுறை தலைமுறையாகப் பிடிவாதம் என்று பெயரிடப்பட்டுச் சவுக்கடி வாங்கியவை.

இன்னொன்றும் உண்டு. நின்றபடியே குதிரை தூங்கும் என்று நாம் படித்திருக்கிறோம். பாதிதான் சரி. ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். மூட்டு வலிக்கிற குதிரை, படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று படுக்காமலே நாட்களைக் கடத்தும். ஒருநாள் நின்றபடியே கண் செருகி முன்னங்கால் மடிந்து சரியும், திடுக்கிட்டு எழும். காலையில் பார்த்தால் கணுக்காலின் முன்பக்கத்தில் ரோமம் உதிர்ந்து சிராய்ப்பு இருக்கும். குதிரைச் சந்தையில் அந்தத் தழும்புக்கும் விலை குறைப்பார்கள்.