பற்றரியோடு சாகும் விளையாட்டு

யப்பானின் கப்கொம் நிறுவனம் 1996இல் 'சுப்பர் பஸிள் ஃபைற்றர் 2 ரேர்போ' என்ற புதிர் விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் பெட்டிகளுக்கானது. நிறநிறமான கற்கள் மேலிருந்து விழும். ஒரே நிறத்தவற்றைச் சேர்த்து உடைத்தால் எதிராளியின் பக்கத்தில் கற்கள் குவியும். நாம் இங்கு பேச வந்தது ஆட்டத்தைப் பற்றியல்ல, அது ஓடிய பலகைக்குள் இருந்த சிறு பற்றரியைப் பற்றி.

கப்கொம்மின் 'ஸ்ரீற் ஃபைற்றர் 2' 1991இல் வந்து, ஊரூராகக் களவுப் பிரதி எடுக்கப்பட்டது. அதில் சூடு கண்ட நிறுவனம் 1993இல் சீ.பீ.எஸ்.-2 என்ற புதிய பலகையைக் கொண்டுவந்தது. இதில் விளையாட்டின் கட்டளைகள் மறைகுறியாக்கப்பட்டே றொம் சிப்புகளில் எழுதப்பட்டன. அவற்றைப் பிரிக்கும் திறவுகோல், பற்றரியின் மின்சாரம் உள்ளவரை மட்டும் உயிர்வாழும் ஒரு நினைவகத்தில் வைக்கப்பட்டது. பற்றரி ஓய்ந்தால் திறவுகோல் அழியும். சிப்புகளில் எல்லாம் எழுதியபடியே இருக்கும், வாசிக்கத்தான் வழியிராது. 'தற்கொலைப் பற்றரி' என்று பெயர் வந்தது சும்மா அல்ல. கள்வனுக்குப் போட்ட பூட்டு, காசு கொடுத்து வாங்கியவனையும் வெளியே நிறுத்தியது.

பழைய பலகைகளைக் கணனியில் இயங்கச் செய்யும் 'மேம்' என்ற எமுலேற்றரை இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடக்கினார். அதுவும் இந்தப் பூட்டின் முன் நின்றுவிட்டது. 2001இல் 'சீ.பீ.எஸ்.-2 ஷொக்' என்ற குழுவினர், உயிரோடிருந்த பலகைகளைக் கொண்டே கட்டளைகளைப் பிரித்தெடுத்தனர். மறைகுறியை அவர்கள் உடைக்கவில்லை; பலகை தனக்குத்தானே வாசித்ததை அருகிருந்து எழுதிக்கொண்டார்கள் எனலாம். எமுலேற்றர்களுக்கு அது அட்டவணையாகப் போய்ச் சேர்ந்தது. செத்த பலகைகளுக்கோ, திறவுகோல் இல்லாமலே ஓடும்படி திருத்திய றொம்கள் வந்தன. அவற்றுக்கு 'ஃபீனிக்ஸ்' பதிப்பு என்று பெயர்.

நாம் சொன்ன புதிர் விளையாட்டுக்கும் ஒரு ஃபீனிக்ஸ் பதிப்பு உண்டு. மேம் தன் பட்டியலில் அதைக் களவுப் பிரதி என்றே பதிந்திருக்கிறது. நன்றிகெட்ட செயலாகத் தோன்றலாம். எமக்கு அது சரியாகவே படுகிறது. உயிர்காத்த கைதான் என்றாலும் மூலத்தில் கை வைத்திருந்தால் அதை எழுதிவைக்க வேண்டும். ஏடு பெயர்த்தெழுதியவர்களின் 'திருத்தங்களோடு' மல்லாடிய பதிப்பாசிரியர்களைக் கண்ட மொழி நம்முடையது.

2007இல் சல்மோரியாவும் இன்னொருவரும் மறைகுறி முறையையே கண்டறிந்தனர். அதன்பின் அட்டவணையும் தேவைப்படவில்லை. மூலச் சிப்பில் உள்ளதை எமுலேற்றர் அப்படியே வாசிக்கிறது. அழிந்த திறவுகோலைப் பலகைக்கே திருப்பி எழுதும் வழி 2016இல் வெளியானது. முன்பு ஃபீனிக்ஸ் ஏற்றிய பலகைகளிலும் இப்போது திருத்திய சிப்புகளைக் கழற்றி, பழைய கட்டளைகளையே திரும்ப ஏற்றுகிறார்கள்.